கந்தோரும் வீடும்

கந்தோர் என்னும் சொல்லை ஒல்லாந்தர் இந்நாட்டிலே விட்டுச் சென்றனர். அவர் கட்டிய கோட்டைகளிற் சில சிதைந்து போயின. அச்சொல்லோ நம் தாய்மாரின் வாயிலே நெடுங்காலம் வாழ்ந்தது, இன்றும் முதியோர் பேச்சிலே வாழ்கின்றது. “அவர் கந்தோருக்குப் போய்விட்டார்” என்று ஒரு வீட்டிலிருந்து விடை வருமாயின், அவ்வீட்டிலே மாதச் சம்பளமும், கடைசிக் காலத்தில் இளைப்பாற்றுச் சம்பளமும் உண்டு என்பது கேட்டவர்க்கு விளங்கிவிடும். நம் கல்லூரி போன்ற இந்துக் கல்லூரிகளுக்குப் பெற்றோர் தம் மக்களை அனுப்பியதற்குச் சமயமும் தமிழும் காரணமாயிருந்தன என்பது உண்மையே. ஆங்கிலமும் கணக்கும் கற்று ஒரு கந்தோரிலே இலிகிதராய் அமர வேண்டும் என்னும் ஆசையும் அவற்றுக்குக் குறையாத காரணமாய் இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அக்கந்தோரின் நடுநாயகமாய் விளங்கியது வரவுப் பதிவேடு. காலையிற் குறித்த நேரம் கடந்ததும் பிரதம இலிகிதர் அதிலே ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டவர் நல்லவர். கீழே இட்டவர் விடை கூற வேண்டியவர். வந்தபின் அவர் என்ன செய்தார் என்பதைக் கோடு அறியாது. பிற்காலத்திலே கைவிரல் வைத்து வரவு பதியும் இயந்திரம் வந்தது. அதுவும் விரலைத் தவிர வேறொன்றை அறியாது. இப்பதிவேடு இன்று மீண்டும் அதிகாரம் பெற்று வருதலாலேயே நாம் இதனை எழுதப் புகுந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சிக் கந்தோர்கள் கதவடைத்தன. வேலை மட்டும் நிற்கவில்லை. கணக்கெழுதுவோரும், கணினிக்கு நிரல் ஆக்குவோரும், காப்புறுதிக் கம்பனியின் கடிதங்களுக்கு விடை வரைவோரும் தத்தம் வீட்டு மேசையிலிருந்தே தொழில் பார்த்தனர். பேராதனையிலே நிலைகொண்ட லேர்ன் என்னும் கல்வி வலையமைப்பின் துணையோடு பல்கலைக்கழக விரிவுரைகளும் மாணவரின் வீடு தேடிச் சென்றன. ஈராண்டு கழித்து எரிபொருட் பஞ்சம் வந்தது. 2022ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி தொடக்கம் இரு வாரங்களுக்கு, அத்தியாவசிய சேவையைச் சாராத அரசாங்க ஊழியர் வீட்டிலிருந்து கடமை புரிக என அரசாங்கமே பணித்தது. அதற்குச் சில நாள் முன்னரே, வெள்ளிக்கிழமைகளில் அவ்வூழியர் வீட்டிலே தங்கிப் பயிர் செய்யலாமென மந்திரிசபை அனுமதித்திருந்தது. மலைநாட்டு ஆனி மழையிலே எத்தனை இலிகிதர் மண்வெட்டி பிடித்தனர் என்பது வேறு விடயம்.

நோயும் தணிந்தது, பஞ்சமும் தீர்ந்தது. உடனே, யாவரும் கந்தோருக்கு மீள்க என்னும் கட்டளைகள் புறப்பட்டன. உலகின் பெருங் கம்பனிகள் வழிகாட்டின. இந்தியாவிலே டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் என்னும் நிறுவனம் 2023 ஒக்டோபர் தொடக்கம் தன் ஊழியரை வாரத்தில் ஐந்து நாளும் வருமாறு பணித்தது. அடுத்த ஆண்டிலே, காலாண்டுதோறும் வழங்கும் மேலதிகக் கொடுப்பனவை வரவோடு பிணைத்தும் வைத்தது. அமெசன் கம்பனி 2024 செப்ரெம்பரிலே அறிவித்து, 2025 சனவரி 2ஆந் திகதி தொடக்கம் தன் கந்தோர் ஊழியருக்கு ஐந்து நாள் வரவை விதித்தது. கொழும்பிலும் இக்காற்று வீசாமல் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கந்தோர், எஞ்சிய நாள் வீடு என்னும் கலப்பு முறையை வைத்திருப்போர் உளர்; அந்நாளைச் சிறிது சிறிதாய்க் கூட்டுவோரும் உளர்; ஒரேயடியாய் நிறுத்திவிட்டோரும் உளர்.

இக்கட்டளையால் ஊழியர் நிற்பரா, போவரா என்பதே நம் வினா. போவர் என்பதும், அவ்வாறு போகிறவர் நாம் இழக்க விரும்பாதவரே என்பதும் நம் துணிபு. கண்டியையும் அதன் சுற்றூர்களையும் சேர்ந்தோருக்கு இது வெறும் ஏட்டு விவகாரம் அன்று.

கொழும்பிலே தெஹிவளையில் வாழும் ஒருவருக்குக் கந்தோருக்கு மீள்க என்றால், பொருள் ஒரு பஸ் பிரயாணம். கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ திகனையிலோ வாழ்பவருக்கு அதன் பொருள் வேறு. கண்டியிலிருந்து கொழும்பு வீதிவழி ஏறக்குறைய 115 கிலோமீற்றர். 1867ஆம் ஆண்டிலே புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் கடுகதிப் புகையிரதத்திற் சென்றால் இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் பிடித்தது. அதிவேக வீதி 2022இல் குருநாகலை எட்டியதேயன்றிக் கண்டியை எட்டவில்லை. கணக்குப் பார்ப்போம். போக மூன்று, வர மூன்று. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம். ஐந்து நாளைக்கு முப்பது. கடை, கந்தோர் ஊழியர் சட்டம் வாரத்துக்கு விதிக்கும் வேலை நேரமோ நாற்பத்தைந்து மணித்தியாலம். நாற்பத்தைந்து மணி வேலைக்கு முப்பது மணி பிரயாணம் என்பதை எவராலும் நெடுநாள் தாங்க இயலாது. ஆகவே கொழும்பிலே ஒரு போடிங் அறை தேட வேண்டும். அறை வாடகை, கடைச் சாப்பாடு, வெள்ளி மாலையும் திங்கள் விடியலும் பிரயாணம், ஊரிலே தாய் தந்தையர்க்கு அனுப்பும் பணம் என ஒரு சம்பளம் இரண்டு வீடுகளைச் சுமக்கின்றது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருக என்றாலோ, ஓரிரவு உறவினர் வீட்டிலே தங்கிக் காரியத்தை முடித்து மீளலாம். இரண்டு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வேறுபாடு மூன்று நாள் அன்று, ஒரு குடித்தனம்.

பெண் மக்கள் விடயத்திலே இது இன்னும் கடுமையாகின்றது. இந்நாட்டிலே தொழில் செய்யும் வயதுடைய பெண்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவரே தொழிற்படையிற் சேர்ந்துள்ளார். மகளைப் பட்டதாரியாக்கத் தயங்காத நம் பெற்றோர், அவளைக் கொழும்பிலே தனியறையில் விடுதற்கு இன்றும் தயங்குகின்றனர். அத்தயக்கம் சரியா பிழையா என்று வாதிடுதல் இக்கட்டுரையின் வேலையன்று. அது இருக்கின்றது. கலப்பு முறை நடந்த ஆண்டுகளிலே, மாவில்மடையிலும் அம்பிட்டியிலும் பேராதனையிலும் உள்ள வீடுகளிலிருந்து கொழும்புக் கம்பனிகளுக்குக் கணக்கும் நிரலும் எழுதிய பெண்கள் இருந்தனர். திருமணமாகிக் குழந்தை பெற்ற பின்னும் தொழிலை விடாதோர் அவருள் இருந்தனர். ஐந்து நாள் கட்டளை வந்ததும் அவர்களிடம் எவரும் விலகுக என்று கூறுவதில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை.

இவ்விடத்திலே நம் முதிய பழைய மாணவர் சிலர் குறுக்கிடுவர் என்பதை அறிவோம். “நாங்கள் முப்பது வருடம் குடும்பத்தை யாழ்ப்பாணத்திலே விட்டுவிட்டுக் கொழும்பிலும் கண்டியிலும் உத்தியோகம் பார்க்கவில்லையா? இடமாற்றம் என்ற கடிதம் வந்தால் மறுநாள் பெட்டி கட்டவில்லையா?” என்று அவர் கேட்பர். கேட்பது நியாயமே. 1956ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது அது சுமந்து சென்றோருள் இவ்வாறு வாழ்ந்த இலிகிதரும் நிலைய அதிபரும் ஆசிரியரும் எத்தனையோ பேர். அப்பெரியோரின் பொறுமையாலேயே பல குடும்பங்கள் தலையெடுத்தன. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர்களை அவ்விருக்கையிலே இருத்தியது பதிவேடு அன்று, இளைப்பாற்றுச் சம்பளம். இடையிலே விட்டால் அது போய்விடும். புகையிரதச் சலுகைச் சீட்டும், அரசாங்க விடுதியும், ஊரிலே ‘கவண்மேந்து உத்தியோகம்’ என்னும் மதிப்பும் அதனோடு சேர்ந்து நின்றன. போவதற்கு வேறு வாசலும் அக்காலத்திலே அதிகம் இல்லை. இன்றைய கம்பனிக் கந்தோரோ இளைப்பாற்றுச் சம்பளம் தருவதில்லை. ஊழியர் சேமலாப நிதியை எங்கு வேலை பார்த்தாலும் பெறலாம். பிணைத்த கயிறு அறுந்தபின் கோலை மட்டும் ஓங்கிப் பயனென்ன?

நிற்க. தலைமைக் கந்தோரும் தொழில் நடக்கும் இடமும் ஒன்றாய் இருத்தல் வேண்டும் என்போருக்குக் கண்டியின் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூந்தோட்டத்து மரங்களினிடையே கொட்டகை கட்டி, ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து எழுத்து வேலை பார்த்தனர். போர் நடந்ததோ பர்மாவிலே. கடல் கடந்த ஒரு போரைப் பேராதனையிலிருந்து நடத்த முடிந்த உலகிலே, கொழும்பு நகரிலுள்ள ஒரு கம்பனியின் பேரேட்டைப் பேராதனையிலிருந்து எழுத முடியாது என்பது வேடிக்கை. அத்தலைமையகம் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டதென்று அக்காலத்திலேயே முறைப்பாடுகள் எழுந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கை ஒருபுறமிருக்க, இவ்விடயத்திலே நல்ல சோதனையொன்று நடந்திருக்கின்றது. சீனாவிலே ட்ரிப்.கொம் என்னும் பிரயாண நிறுவனம் 2021, 2022ஆம் ஆண்டுகளிலே தன் ஊழியர் 1,612 பேரை இரு கூறாக்கியது. கூறாக்கிய முறை எளிது: பிறந்த திகதி ஒற்றைப்படையானவர் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், இரட்டைப்படையானவர் ஐந்து நாளும் கந்தோருக்கு வரவேண்டும். சிபாரிசுக்கும் முகத்தாட்சணியத்துக்கும் அங்கு இடமில்லை. ஆறு மாதம் இவ்வாறு நடந்தது. பொருளியலறிஞர் நிக்கொலஸ் புளூமும் அவர் துணைவரும் இதன் முடிவுகளை 2024இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளியிட்டனர். இரண்டு நாள் வீட்டிலிருந்தோரிடையே வேலையை விட்டு விலகியோர் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்தது. சிறப்பாக மேலாளர் அல்லாதோர், பெண்கள், தொலைவிலிருந்து வருவோர் ஆகியோரிடையே இக்குறைவு காணப்பட்டது. அவர்தம் வேலைத் திறன் மதிப்பீடு அடுத்த ஈராண்டிலும் குறையவில்லை. பதவி உயர்விலும் பின்னிற்கவில்லை. சோதனைக்கு முன்னர், இதனால் வேலை கெடும் என்று கருதிய மேலாளர்களே முடிவிலே தம் கருத்தை மாற்றிக் கொண்டனர். கம்பனி அம்முறையை யாவர்க்கும் விரித்தது. தருமத்தின் பொருட்டன்று, ஒருவர் விலகினால் இன்னொருவரைத் தேடிப் பிடித்துப் பழக்கும் செலவு மிகுதியாதலினால்.

மறுபுறம் ஐக்கிய அமெரிக்காவிலே, பெருங் கம்பனிகள் மீட்சிக் கட்டளை இட்டபின் யார் யார் விலகினர் என்று பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் ஆராய்ந்தனர். விலகல் கூடியது, பெண்களிடையேயும், பதவியில் மூத்தோரிடையேயும், திறன் மிக்கோரிடையேயும் சிறப்பாகக் கூடியது, வெற்றிடங்களை நிரப்பவும் நெடுநாள் பிடித்தது என்பது அவர் கண்ட முடிபு. இதிலே வியப்பில்லை. வேறு வாசல் திறந்திருப்பவரே வெளியேறுவார். எங்கும் போக இயலாதவர் கட்டளைக்குப் பணிந்து, கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டுக் கொண்டிருப்பார். பதிவேட்டைப் பார்க்கும் அதிபருக்கு வரவு நூற்றுக்கு நூறு என்று தோன்றும்.

இனி, நம் மலைநாட்டுக்கே உரிய ஓர் உவமானத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. புகையிரதம் கண்டிக்கு வந்த அதே 1867ஆம் ஆண்டிலேதான் ஜேம்ஸ் ரேயிலர் என்பவர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலே வர்த்தகத்துக்கென முதன்முதல் தேயிலை நாட்டார். அதற்கு முன்னைய கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டங்களிலே விடியற்காலையிற் பிரட்டு உண்டு. தப்பு அடித்ததும் ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்திலே வந்து நிற்பர். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பேர் பதிவர். ஒரு நாள் வேலை அங்கே ‘ஒரு பேர்’ எனப்படும். நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. ஆளைப் பேராக்கி, பேரை எண்ணாக்கி, எண்ணைச் செக்றோலில் ஏற்றும் அம்முறையைப்பற்றி மலையகத்து மக்கள் நெஞ்சிலே எவ்வளவு கசப்பு உண்டென்பதை அம்மக்களோடு பழகியோர் அறிவர்.

எனினும் ஒன்று. தோட்டத்திலே பிரட்டு மட்டும் இல்லை, தராசும் உண்டு. எவ்வளவு கொழுந்து பறித்தாள் என்பதை அது சொல்லும். அத்தராசிலே கழிவும் களவும் நிகழ்ந்தன என்பது வேறு; நிறுக்க வேண்டும் என்னும் எண்ணமாவது அங்கு இருந்தது. நம் கந்தோர்களிலோ பிரட்டு உண்டு, தராசு இல்லை. ஓர் உத்தியோகத்தர் ஒரு மாதத்திலே முடிக்க வேண்டியது யாது, முடித்தது யாது என்று எழுதி வைத்து நோக்கும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இல்லை. வேலையை அளக்கத் தெரியாத காரணத்தால் ஆளை எண்ணுகின்றோம். வீட்டிலிருந்தால் வேலை நடக்குமா என்று ஐயுறும் அதிபர், கந்தோரிலிருந்தபோது நடந்ததா என்பதை எவ்வாறு அறிந்தார்? கதிரையிலே மேற்சட்டை தொங்குவதைக் கண்டு அறிந்தார். தானிருக்குமிடத்தைச் சட்டை காக்க, தேநீர்க் கடைக்குச் சென்றோரை நாம் எல்லோரும் அறிவோம்.

பிரட்டினால் ஆளை நிறுத்த முடியுமா என்பதற்கும் தோட்டமே சாட்சி. தோட்டத்து இளைஞர் கண்டிக் கடைகளுக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டே இருக்கின்றனர். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, அதன்மேல் வரவுக்கென்று 200 ரூபா அரசாங்கமே கொடுப்பதாக அறிவிக்கப்பட்டது. உழைப்போர் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாவையும் வரவேற்கிறோம். ஆயினும், வேலைக்கு வருவதற்கே தனிக்காசு கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று எண்ணுதல் தகும். சென்னையிலே கணினிக் கம்பனி வரவோடு கொடுப்பனவைப் பிணைக்கின்றது; கண்டி மலையிலே தேயிலைத் தோட்டத்துக்கு வரவுக்காசு வருகின்றது. பளிங்குக் கட்டடத்துக்கும் லயத்துக்கும் உள்ள தூரம் நாம் நினைத்த அளவு பெரிதன்று.

இவ்வளவும் கூறியதால், கந்தோர்களை எல்லாம் இழுத்து மூடிவிடலாம் என்பது நம் கருத்தெனக் கொள்ளற்க. இளைஞருக்குக் கந்தோர் வேண்டும். பதினெட்டு, இருபது வயதிலே உத்தியோகம் ஏற்றவர் கடிதம் வரையக் கற்றது எங்ஙனம்? பிரதம இலிகிதர் சிவப்பு மையாலே திருத்திய தாளைப் பார்த்துக் கற்றார். பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியிலே கோபக்காரர் ஒருவரைச் சாந்தப்படுத்தியதைக் கேட்டுக் கற்றார். எவரும் கற்பிக்கிறோம் என்று கற்பிக்கவில்லை. அமெரிக்கக் கம்பனியொன்றின் மென்பொருட் பொறியியலாளரைப்பற்றி எமனுவெல், ஹரிங்ரன், பலாயிஸ் என்னும் மூவர் செய்த ஆராய்ச்சியும் இதனையே காட்டிற்று: ஒரே கட்டடத்திலே அருகருகே இருந்தபோது இளையோர் தம் வேலையைப்பற்றி அதிகமான திருத்தங்களைப் பெற்றனர். பெற்றவர் இளையோர், அதற்காகத் தம் வேலையிலே சிறிது குறைத்துக் கொண்டவர் மூத்தோர். ஆதலின், அருகிருத்தல் என்பது மூத்தோர் இளையோருக்குக் கொடுக்கும் ஒரு கொடை. அதனை அங்ஙனமே வெளிப்படையாய்ச் சொல்லிக் கேட்கும் அதிபருக்கு மூத்தோர் மறுக்கமாட்டார். அவ்வாறு சொல்லாமல், ‘கம்பனியின் பண்பாடு’ என்னும் மூடுமந்திரத்தைச் சொல்லி மூத்தவரைக் கண்டியிலிருந்து வரவழைத்து, வந்தவரை இளையோர் இல்லாத ஓர் அறையிலே காதிலே கருவி மாட்டிச் சிங்கப்பூராரோடு பேசவிடுவது எவ்வகை நியாயம்?

வீடும் எல்லோர்க்கும் ஏற்ற இடமன்று. இரண்டு அறை வீட்டிலே ஐந்து பேர் வாழ்வோருக்குக் கந்தோரே அமைதி. மின்வெட்டு ஒரு நாளிலே பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட 2022ஆம் ஆண்டுப் பங்குனி இறுதியை எவரும் மறந்திரார். வீட்டிலிருக்கும் பெண்ணை, வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்ணென்று மதியாத மாமியாரும் கணவரும் உண்டு. அடுப்பிலே சோறும் மடியிலே கணினியுமாய் இரட்டைப் பாரம் சுமந்தவர் கந்தோருக்கு மீண்டதைப் பெரிய விடுதலையாகக் கொண்டாடியதும் உண்டு. இனி, தாதியருக்கும் பஸ் நடத்துநருக்கும் ஆசிரியருக்கும் கொழுந்தெடுப்போருக்கும் இத்தெரிவே இல்லை. அவர்கள் நோய்க்காலத்திலும் வெளியே நின்றனர். மேசை வேலைக்காரரின் வசதியைப் பேசும்போது இதனை மறந்து பேசுவது அழகன்று.

ஆனால் நம் நாட்டின் நிலையிலே, கட்டளையிடுவோர் சிந்திக்க வேண்டிய தனிக் காரணம் ஒன்று உண்டு. நியூயோர்க்கிலே ஒருவர் விலகினால் அடுத்த வீதியிலே வேறு கந்தோர். இங்கே விலகுவோருக்கு அடுத்த வீதி என்பது கட்டுநாயக்கா. 2022ஆம் ஆண்டிலே தொழிலின் பொருட்டு வெளிநாடு சென்றோர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். அதே ஆண்டிலே அரசாங்கமே தன் ஊழியர் சம்பளமின்றி ஐந்தாண்டு வரை விடுப்புப் பெற்று வெளிநாட்டிலே தொழில் செய்ய வழி திறந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கண்டிப் பெரியாஸ்பத்திரியிலும் வெற்றிடங்கள் தோன்றிய வரலாற்றை இம்மலரைப் படிப்போர் அறிவர். போக எண்ணியும் போகாமல் நின்றோர் பலரை நிறுத்தியது தேசபக்தியென்று நாம் பெருமை கொள்ளலாம். தாயை விட்டுப் போக மனமின்மையும், வீட்டிலிருந்து தொழில் செய்ய இருந்த வசதியுமே அவரை நிறுத்தின என்பது உண்மைக்கு அண்மையானது. அவ்வசதியைப் பறித்தால், எப்படியும் வீட்டைப் பிரிய வேண்டும். பிரிவது வெள்ளவத்தைக்கானால் என்ன, மெல்பேணுக்கானால் என்ன என்று அவர் நினைப்பார். சம்பளத்தை ஒப்பிட்டால் மெல்பேண் வெல்லும். நாட்டை விடாமலே, கண்டியில் இருந்தவாறு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை பார்ப்போர் வேறு. அவரும் கொழும்புக் கந்தோருக்கு இழப்பே.

விதியொன்றினால் திறமையை வெளியேற்றிய அனுபவம் நம்மவர்க்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாத தமிழ் உத்தியோகத்தர் பலர் சம்பள உயர்வு நிறுத்தப்பெற்றும், காலத்துக்கு முன்னரே இளைப்பாறியும் சேவையை விட்டு நீங்கினர். அதன் காரணமும் நோக்கமும் வேறு; அதிலே இருந்த அநீதியோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் சேவைக்கு நேர்ந்த இழப்பு ஒரே வகையினது. கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது, அதிலே முப்பது ஆண்டுக்கு முன் யாது தீர்மானிக்கப்பட்டது என்பதை அறிந்தவர் போனபின், அவ்வறிவைத் தேடி எடுக்க எவராலும் இயலவில்லை.

செய்யத்தக்கது யாது? பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் எழுதப்பட்டபோது வீட்டு மேசையும் கந்தோராகும் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார், அதனைக் காலத்துக்கேற்பத் திருத்துதல் நன்று என்பதோடு அதை விடுவோம். பழைய மாணவருள் கம்பனி அதிபராயும், கிளை மேலாளராயும், ஆளணி அதிகாரியாயும் இருப்போர் பலர். அவர்களையே கேட்கிறோம். கந்தோர் நாளை நீங்கள் குறியுங்கள். குறிக்கும்போது அந்நாளிலே ஒன்றாயிருந்து செய்யும் வேலை இன்னதென்று கடிதத்திலே எழுதுங்கள். எழுத ஒரு வரியும் வரவில்லையாயின் அந்நாள் வேண்டாம். புதிதாய்ச் சேர்ந்தவர்க்கு முதலாண்டு முழுவதும் அருகிலே ஒரு மூத்தவரை வையுங்கள். அம்மூத்தவருக்கு வேறு வேலையைக் குறையுங்கள். தொலைவிலிருந்து வருவோர்க்குக் கந்தோர் நாட்களை அடுத்தடுத்த நாட்களாக்குங்கள்; செவ்வாயொரு நாள் வெள்ளியொரு நாள் என்று பிரித்தால் கண்டியான் நான்கு முறை கடுகண்ணாவையைக் கடக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பரிலே பகல கடுகண்ணாவையில் மண் சரிந்து வீதி அடைபட்டதும், அதே மாத இறுதியிலே டித்வா புயலால் மலைநாட்டுப் பாதைகளும் தண்டவாளங்களும் சிதைந்ததும் கண்முன் நிற்கின்றன. 

கந்தோரையே ஊருக்குக் கொண்டு வருவதும் ஒரு வழி. தமிழ்நாட்டிலே சோகோ நிறுவனம் 2011ஆம் ஆண்டிலே தென்காசிக்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறைக் கிராமத்திலே கந்தோர் திறந்தது. அங்கிருந்து உலகுக்கு மென்பொருள் செல்கின்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே அருகிருந்து கற்பிக்கும் மூத்தோரும் கிடைத்தனர். பொறியியற் பீடத்தையுடைய பல்கலைக்கழகமும், நல்ல கல்லூரிகளும், ஆங்கிலம் தமிழ் சிங்களம் என மும்மொழி பேசும் இளைஞரும் உள்ள கண்டி, மத்தளம்பாறைக்கு எவ்வகையிற் குறைந்தது? கொழும்புக் கம்பனிகள் பெருங்கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேர் அமர ஓர் அறை, தடையில்லா மின்சாரம், இணையம், வாரத்திலொருமுறை வந்து போகும் ஒரு மேலாளர்: இவ்வளவும் போதும். போடிங் வாடகையாய் ஊழியர் தொலைக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

மாணவருக்கும் ஒரு சொல். வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும்போது சம்பளத்தை மட்டும் கேளாதீர். வாரத்தில் எத்தனை நாள் எங்கே இருத்தல் வேண்டும், முதலாண்டிலே எனக்குக் கற்பிப்பவர் யார், அவர் எந்நாட்களிலே கந்தோரில் இருப்பார் என்று மரியாதையாய்க் கேளுங்கள். விடையை நியமனக் கடிதத்திலே எழுதித் தருமாறும் கேளுங்கள். வாயாற் சொன்னது மேலாளர் மாறியதும் மாறிவிடும்.

இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கம் ஒரு சிறு காரியம் செய்யலாம் என்பது நம் விண்ணப்பம். தொழில் தருவோராய் உள்ள பழைய மாணவரை ஒரு நாட் கூட்டி, 2023ஆம் ஆண்டின் பின் தம்மை விட்டு நீங்கியோர் எத்தனை பேர், அவருள் கொழும்புக்கு வெளியே வீடுள்ளோர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், நீங்கியது கட்டளைக்கு முன்னரா பின்னரா என்று தத்தம் ஏட்டைப் புரட்டிக் கணக்குச் சொல்லச் செய்யலாம். வரவை எண்ணிய ஏடுகள் எல்லாக் கந்தோரிலும் உண்டு. இக்கணக்கையும் அவற்றிலிருந்தே எடுக்கலாம். கூட்டத்தைக் கொழும்பிலே வையாது கண்டியிலே வைத்தல் நன்று. மலையேறி வர இயலாத கொழும்பு அன்பர்கள் தத்தம் வீட்டிலிருந்தே கலந்து கொள்ளட்டும்.